பிஞ்சில்லாப் பூ

பீற்றிஸின் பூசணிக்கொடி பந்தலை மூடிப் படர்ந்திருந்ததே தவிர, ஒரு காய்கூடத் தங்கவில்லை. பூவின் அடியில் உருண்டையாகத் தெரியும் பிஞ்சு இரண்டொரு நாளில் மஞ்சளித்துச் சுருங்கி விழுந்துவிடும். சாம்பல் போட்டுப் பார்த்தாள். மீன் கழுவின தண்ணீரும் ஊற்றிப் பார்த்தாள். பிஞ்சில்லாமல் வெறும் காம்பில் நிற்கிற பூக்கள்தான் வீணாகச் சாரத்தை உறிஞ்சுகின்றன என்று நினைத்து, விடிந்தால் முதல் வேலையாக அவற்றை ஒன்று விடாமல் ஆய்ந்து, மாவில் தோய்த்துப் பொரிப்பாள். அந்தப் பொரியல் இல்லாமல் கணவன் சிறிலுக்குச் சோறு இறங்காது.

கடைசியில் பழி வேலிக்கு அப்பால் போனது. பக்கத்து வளவுக் கண்ணகைக்குப் பிள்ளை இல்லை. கிணற்றடியில் பெண்கள் நிறைந்து நிற்க, "பெறாதவள்ட கண் என்ட பந்தலிலதான் முழிக்குது. பிறகென்னெண்டு காய்க்கும்?" என்றாள் பீற்றிஸ். கண்ணகை பாதி நிறைந்த குடத்தோடு போய்விட்டாள்.

அதன்பின் அவள் பேசியது வேலிக்கு மேலால் ஒரே ஒருநாள்.

"உங்கட காய் ஒண்டு என்ட குசினிக் கூரைல கிடக்கு. கிடுகு தாங்காது. வந்து எடுங்க."

முன்பெல்லாம் 'இஞ்ச வாகா' என்று உரிமையோடு 'கா' போட்டுக் கூப்பிடுகிறவள்.

பீற்றிஸ் போய்ப் பார்த்தாள். வேலி தாண்டிச் சமையலறைக் கூரையில் ஏறிய கொடியில் குடமளவு காய். பக்கத்தில் இன்னும் இரண்டு பிஞ்சு திரண்டிருந்தன. அவற்றின் நடுவே, தான் வீணென்று ஆய்கிற அந்த வெறும் பூக்கள் பறிபடாமல் விரிந்து நின்றன. ஒரு தேனீ அவற்றில் ஒன்றில் புரண்டு, மஞ்சள் தூளோடு எழும்பி, பிஞ்சுள்ள பூவுக்குள் நுழைந்தது. பீற்றிஸுக்கு முகம் எரிந்தது.

"கண்ணகை, பூவை ஆய்ஞ்சு கெடுத்தது நான்தான் போல."

"ஓம். பொரிக்கிற மணம் இஞ்சாலயும் வந்தது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல்ல?"

"சொல்லத்தான் இருந்தன். அதுக்குள்ள கிணத்தடியில நீங்க சொல்லிப்போட்டீங்க."

"காயை நீங்களே வெச்சிக் கறியாக்குங்க."

"வேணாம். வேர் உங்கட வளவில."

காயைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு வந்தாள். நேரே போனால் வீடு; ஒருவரும் காணமாட்டார்கள். சற்று நின்றுவிட்டுக் கிணற்றடிப் பக்கம் திரும்பினாள்.

"அடியே, காய்ச்சிட்டோ! கண்ணூறு கழிச்சாக்கும்?" என்றாள் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த அன்னப்பூரணி. எல்லாரும் சிரித்தார்கள்.

பீற்றிஸ் காயைக் கிணற்றுக்கட்டில் இறக்கினாள்.

"இது கண்ணகைட கூரைல காய்ச்சது. என்ட பந்தலில காய்க்காததுக்கு ஆர்ட கண்ணும் காரணமில்ல. காய் பிடிக்க வைக்கிற பூவையெல்லாம் நான்தான் பொரிச்சுத் திண்டன். அண்டைக்கு நான் சொன்னது... சொல்லக்கூடாத கதை."

ஒருவரும் சிரிக்கவில்லை. கண்ணகை எப்போது குடத்தோடு வந்து நின்றாள் என்று தெரியவில்லை. அவள் வாளியை இறக்கினாள், அள்ளினாள், குடத்தில் ஊற்றினாள். பீற்றிஸ் தலையைத் தூக்கவில்லை.

"காயைத் தள்ளி வைகா," என்றாள் கண்ணகை. "தண்ணி தெறிக்குது."