மேட்டுக் கொல்லை வழி

அப்பா இறந்த செய்தி வந்தபோது நான் கொலம்பியாவில், மெதெயின் என்ற மலை நகரத்தில் இருந்தேன். கம்பெனி வேலையாக அனுப்பியிருந்தார்கள். விமானம் மாறி மாறிச் சென்னை வந்து, கார் பிடித்துத் திண்டிவனம் தாண்டி எங்கள் காலனிக்குள் நுழைந்தபோது அப்பா ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார்.

அழுது ஓய்ந்து பந்தலில் உட்கார்ந்திருந்தேன். மாலையோடு ராஜ்குமார் வந்தான். பள்ளியில் ஒரே பெஞ்ச். அவன் ஊர்த்தெரு, நான் காலனி. அப்பா கடைசிவரை அவர்கள் நிலத்தில்தான் களை எடுத்தார். துக்க வீட்டில் எதையாவது பேசித்தானே ஆகவேண்டும்.

"இன்னாடா தேவா, அந்த ஊர்ல போதைக் கும்பல் ஆளையே சுட்டுடுமாமே?"

"அதெல்லாம் அப்போடா. இப்ப மலைமேல இருக்கற ஏழைங்க வீட்டுக்கு ரோப் கார் போவுது. தெருவுலயே எஸ்கலேட்டர் வெச்சிருக்கானுங்க."

நான் தங்கியிருந்த வீட்டுக்காரம்மா ஒரு குறுகலான தெருவைக் காட்டியதைச் சொன்னேன். முன்பு இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கம் போனால் பிணம். கோடு எதுவும் போட்டிருக்காது, ஆனால் எல்லோருக்கும் தெரியும். அந்தம்மாவின் தம்பி ரொட்டி வாங்கத் தாண்டிப் போனவன் திரும்பவில்லை. இப்போது அதே இடத்தில் ஐஸ்கிரீம் விற்கிறார்கள். நானும் ஒன்று வாங்கித் தின்றேன்.

"தெரு தாண்டுனதுக்கா? மனுஷனுங்களாடா அவனுங்க?" ராஜ்குமாருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

அப்போதுதான் சித்தப்பா வந்து, சுடுகாட்டுக்குப் போகும் வயல் வழியில் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது என்றார். மழையில் ஏரி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மிச்சம் இருப்பது ஊர்த்தெருவின் தார்ரோடு. எங்கள் பிணம் எதுவும் அதில் போனதில்லை.

"ராஜி, இந்த ஒரு தடவ தெரு வழியா தூக்கிக்கினு போயிடறோம்டா. மேளம்கூட வேணாம்" என்றேன்.

மேளம் வேண்டாம் என்று நானாக ஏன் சொன்னேன்? நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

"இரு, பேசிட்டு வர்றேன்" என்று போனவன் சீக்கிரமே திரும்பினான்.

"ஜேசிபிக்கு சொல்லிட்டேன். எங்க மேட்டுக் கொல்லை வழியா போயிடுங்க. மல்லாட்டை போனா போவுது."

"பூ உட்ட பயிருடா. தெருவுல போனா உனக்கு ஒரு செடிகூட சாவாதே."

"வேணாம்டா, பேஜாரு ஆயிடும். நீ பிளேன் ஏறிடுவ. நான் இங்கதான இருக்கணும்."

ஜேசிபி வந்து வேலியைப் பிய்த்தது. போன வாரம் அப்பா களை எடுத்த வேர்க்கடலைப் பயிர் வேரோடு மண்ணில் புரண்டது. சொந்தப் பயிரை அழித்துக்கொள்ள அவனுக்கு மனசு வந்தது, அந்தத் தெருவைத் திறக்க மட்டும் வரவில்லை. பந்தலில் இருந்தவர்களோ யார் செய்வார் இப்படி, தங்கமான பிள்ளை என்று அவனைப் புகழ்ந்தார்கள்.

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி" என்று சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். என்னையும் இடித்தார்.

எனக்கு அவனை அறையத்தான் தோன்றியது. ஆனால் அப்பா பெட்டிக்குள் காத்துக் கிடந்தார். கும்பிட்டேன்.

ராஜ்குமார் பதறிப்போய் என் கைகளைப் பிடித்து இறக்கினான்.

"நமக்குள்ள இன்னாடா இதெல்லாம்?" என்றான்.