கடைசி நான்கு டயோடுகள்

மூன்றாவது முறையாக அந்தப் பெட்டி உயிரை விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பழுதுபார்ப்பவள், செய்தியைக் கேட்டதும் கையிலிருந்த திருப்புளியை மேசைமேல் வைத்துவிட்டு ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டாள். செய்தி சொன்னவர் அந்தக் கூடத்தின் பேராசிரியர். வீட்டு உறவில் அவளுக்கு நாத்தனார், கணவனின் மூத்த அக்கா.

"மறுபடியும் திரையில வெறும் கோடுதான் போகுது. நீ சரியா மாட்டலைன்னு நினைக்கிறேன்."

"போன வாரம் முழுக்க நல்லாத்தானே ஓடிச்சு, அண்ணி."

"இங்க மேடம்."

பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மின்துடிப்பைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் பழைய ஆசிலோஸ்கோப்பின் முகப்பில் செருகும் ஒரு பிளக்-இன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கண்மூடித் திறப்பதற்குள் கோடி முறை வந்துபோகும் மின்துடிப்பை ஒரே வீச்சில் பிடிக்க அதற்குத் தெம்பில்லை. அதனால் துடிப்பு திரும்பத் திரும்ப வரும்போது, தடவைக்கு ஒரு புள்ளியாகக் கிள்ளி எடுக்கும். ஆயிரம் புள்ளி சேர்ந்தால் திரையில் ஒரு படம். அந்தக் கிள்ளுகிற விரல்கள் நான்கு டயோடுகள், ஒவ்வொன்றும் கடுகளவு. ஐந்து வோல்ட்டுக்குமேல் பட்டால் நான்கும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்துவிடும். அதே வேலைக்கு ஒரு புதுக்கருவி கேட்டு நாத்தனார் எழுதிய விண்ணப்பம் இரண்டு வருடமாக மேலிடத்தில் எங்கேயோ தூங்கிக்கொண்டிருந்தது.

அந்த டயோடுகளை இப்போது யாரும் செய்வதில்லை. நான்கும் ஒரே குணமாக வேறு இருக்க வேண்டும். பழைய இழுப்பறைகளைக் கவிழ்த்துக் கொட்டி, ஒவ்வொன்றாக அளந்து, நாள்கணக்கில் பொருத்தம் பார்த்தாள். கல்யாணத்துக்குக்கூட அவளுக்கு அவ்வளவு பொருத்தம் பார்க்கவில்லை. முதல் முறை செத்தபோது, 'ஐந்து வோல்ட்டுக்குமேல் கூடாது' என்று எழுதி முகப்பிலேயே ஒட்டினாள். இரண்டாவது முறை, உடம்பிலுள்ள மின்னூட்டம் தரைக்கு இறங்க மணிக்கட்டில் கட்டும் பட்டையை வாங்கிக் கொடுத்தாள். நாத்தனார் அதைத் தவறாமல் கட்டிக்கொண்டார். அப்படியும் செத்தது.

"நான் கை கழுவிட்டுத்தான் தொடுறேன்," என்றார் நாத்தனார்.

"அழுக்கைப் பத்தி யாரு பேசினா, மேடம்?"

அன்று மாலையே விஷயம் தொலைபேசி வழியாக வீடு வந்து சேர்ந்தது. 'உன் பொண்டாட்டிக்குக் கவனம் போதலை' என்று அக்கா சொன்னதைக் கணவன் அப்படியே ஒப்பித்தான். அவள் முறைத்தாள்.

"உங்க ரெண்டு பேரு பெட்டிக்குள்ள என் தலையைக் கொண்டுபோய் விடாதீங்க," என்று எழுந்து போய்விட்டான்.

மறுநாள் பகல் முழுவதும் பூதக்கண்ணாடிக்கு அடியில் குனிந்து கடைசி நான்கு டயோடுகளையும் பொருத்தினாள். கழுத்து கல்லாகிவிட்டது. இதுவும் போனால் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான், நாத்தனாரின் இரண்டு வருட ஆராய்ச்சியும் அதோடு சேர்த்துத்தான்.

"நாளைக்கு நீங்க வேலை ஆரம்பிக்கிறப்போ நான் பக்கத்துலயே நிப்பேன்," என்றாள்.

"என்னை வேவு பாக்கப்போறியா?"

"ஆமா, மேடம்."

மறுநாள் காலை நாத்தனார் செய்த எதிலும் ஒரு பிழை கிடைக்கவில்லை. பட்டையைக் கட்டினார். மின்னழுத்தத்தை இரண்டு முறை சரிபார்த்துக் குறித்துக்கொண்டார். குறையே இல்லாததைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல்தான் ஏறியது. பிறகு நாத்தனார் சுவர்க் கொக்கியிலிருந்து நீளமான கேபிளை எடுத்து, தரையில் இழுத்துக்கொண்டே வந்து, நுனியைப் பெட்டிக்கு அருகே கொண்டுபோனார்.

"நில்லுங்க அண்ணி."

கேபிளை வாங்கி, நுனியை மேசையின் இரும்புச் சட்டத்தில் தொட்டாள். சுருக்கென்று ஒரு நீலப்பொறி தெறித்தது.

உடம்பிலுள்ள மின்னூட்டத்தைப் பட்டை பார்த்துக்கொண்டது. கேபிளின் உள்கம்பியில் ஏறியதை யார் பார்ப்பது? இழுத்து வந்த வழியைக் குனிந்து பார்த்தாள். கீழே நைலான் விரிப்பு, கேபிள் உரச உரச மின்னூட்டம் ஏற்றிவிடுவது. நின்று நின்று தன் குதிகால் வலிக்கிறதென்று ஆறு வாரத்துக்குமுன் அவளே வாங்கி வந்து போட்டது. பெட்டி முதன்முறை செத்ததும் அதே வாரம்தான்.

கேபிளின்மேல் பழியைப் போட்டுவிட்டு, விரிப்பைச் சாயங்காலம் சத்தமில்லாமல் சுருட்டிவிடலாமா என்று மனம் ஒரு கணம் கணக்குப் போட்டது. ஆனால் எதிரே நிற்பவர் பௌதிகப் பேராசிரியர். அவர் பார்வை ஏற்கெனவே தரைக்கு இறங்கியிருந்தது.

"இது எப்போ வந்துச்சு?"

"நான்தான் போட்டேன்," என்றாள். விரிப்பைச் சுருட்டி வெளியே வைத்தாள். வெறுந்தரையில் கேபிளை இழுத்துத் தொட்டுப் பார்த்தார்கள். பொறி இல்லை.

"அப்போ மொத்தம் பன்னெண்டு டயோடு."

"ஆமா."

திட்டு வரும் என்று நின்றாள். நாத்தனார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருபது வருஷமா இதைத்தான் பாடம் நடத்துறேன். எனக்கே தோணியிருக்கணும்."

அவள் நெகிழ்ந்து வாயைத் திறப்பதற்குள் அடுத்த வாக்கியம் வந்தது. "ஆனா போட்டது நீ."

கேபிள் நுனியை இன்னொரு முறை சட்டத்தில் தொட்டு, பெட்டியில் மாட்டினார்கள். திரையில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து, மேடேறி, சரிந்து, துடிப்பின் முழு வடிவமும் நின்றது. "அழகா இருக்கு," என்றார் நாத்தனார், திரையைப் பார்த்தபடியே.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது நாத்தனார் அதே வாயால் கதை முழுவதையும் சொன்னார். விரிப்பு வந்தது, அதைப் போட்டவள் பெயரோடு வந்தது. பாடம் நடத்திய இருபது வருடம் மட்டும் வரவில்லை. கணவன் தட்டுக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தான். மாமியார் பரிவாக, "ஏம்மா, பாய் விரிச்சா மிஷின் செத்துருமா?" என்று கேட்டார். எங்கே ஆரம்பித்து எப்படி விளக்குவது என்று தெரியாமல், "ஆமா அத்தை," என்று சொல்லி முடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் மேசைமேல் காகிதத்தில் சுற்றிய ஒரு ஜோடி செருப்பு இருந்தது. குதிகாலுக்கு மெத்தென்று தடித்த அடி வைத்தது. யார் வைத்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. நாத்தனார் கதவருகே நின்று, "போட்டுப் பாரு," என்றார்.

போட்டுப் பார்த்தாள். ஒரு அளவு சின்னது.

"சரியா இருக்கா?"

"இருக்கு, மேடம்," என்றாள், கால்விரல்களை மடக்கிக்கொண்டு.