கொத்தனார் வீட்டு மாடியறை

கொத்தனார் வீட்டு மாடியறை இந்த வருஷமும் ஒரு முழம் வளர்ந்தது. மழை நன்றாகப் பெய்ததால் ஜன்னலும் சற்றுப் பெரிதாகியிருக்கிறது. சந்துக்கு மேலே தூணில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் அதன் நிழலில்தான் எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை நிறுத்துகிறார். தெருவுக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் மட்டும் அண்ணாந்து பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் வண்டியைக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துவார்கள்.

அறையைக் கொத்தனார் கட்டியது தன் தங்கைக்காக. அவள் தையல்காரி. புருஷனோடு ஒத்துப்போகாமல், தையல் மெஷினும் கையுமாக அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டவள். கொத்தனார் மனைவிக்கும் அவளுக்கும் சீக்கிரமே முட்டிக்கொள்ளும் என்று தெருவே ஆவலாகக் காத்திருந்தது. தெருவுக்குப் பெருத்த ஏமாற்றம். அண்ணியும் நாத்தனாரும் நகமும் சதையுமாகிவிட்டார்கள், ஒருத்தி இல்லாமல் இன்னொருத்திக்குச் சோறு இறங்காது. ஆனால் வீட்டில் இருந்தது ஒரே அறையும் சமையலறையும்தான். மொட்டைமாடி முழுக்க அண்ணியின் செடிகள்: ஓட்டை அண்டாவில் கத்தரி, பழைய வாளிகளில் தக்காளி, உடைந்த தொட்டியில் ரோஜா. செடிகளை எடுத்துவிட்டுப் பெரிய அறையாகவே கட்டுங்கள் என்று அண்ணியே சொன்னாள், சொல்லிவிட்டு ரோஜாத் தொட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாத்தனார் ஒரே பிடியாக நின்றாள். "செடியத் தள்ளிட்டு எனக்கு எடம் வேணாம் அண்ணி. ஒரு மூலை போதும்." ஆகவே மாடியின் மூலையில் தீப்பெட்டி போல ஓர் அறை எழும்பியது.

அந்தச் சமயத்தில்தான் தக்காளிச் செடிகள் ஆளுயரத்துக்குத் தழைத்தும் பூக்காமல் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தன. பூப்பிடிக்க வைக்கும் மணிச்சத்து போதவில்லை என்ற உரக்கடைக்காரர், பாறையை அரைத்த தூளை ஒரு மூட்டை கட்டிக்கொடுத்தார். "இன்னிக்குப் போட்டுட்டு நாளைக்கு எட்டிப் பாக்குற சமாசாரம் இல்லம்மா இது. வேர்ப் பக்கமாப் போட்டு, மக்கின உரமும் சேத்து விடுங்க. மெதுவாத்தான் கரையும். ஆனா வருஷக்கணக்கா நின்னு குடுக்கும்." அண்ணி மூட்டையைக் கொண்டுபோய் மாடியில் சிமெண்டு மூட்டைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். மழை வருவதற்குள் பூச்சை முடிக்கும் அவசரத்தில் இருந்த கொத்தனார், அதில் பாதியை அள்ளிக் கலவையில் போட்டுச் சுவர் முழுக்கப் பூசி முடித்துவிட்டார்.

"ஏங்க, அது செடிக்கு வாங்கினதுங்க."

கொத்தனார் கரண்டியை முகர்ந்து பார்த்தார். அவர் எழுப்பிய சுவரை யாரும் இதுவரை குறை சொன்னதில்லை, இப்போது தானே சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. "செடியும் நிமிந்து நிக்கணும், சுவரும் நிமிந்து நிக்கணும். தண்ணிய மட்டும் விடாம ஊத்து, இறுகிடும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று கீழே இறங்கிப்போனார்.

புதுப் பூச்சை இறுகும்வரை நனைக்க வேண்டும் என்பது கொத்து வேலையின் பாலபாடம். அந்தப் பூச்சு இறுகவே இல்லை, அதனால் நனைப்பதும் நிற்கவில்லை. செடிகளுக்கு ஊற்றும் அதே வாளியிலிருந்து, மக்கின உரமும் எலுமிச்சைத் தோலும் ஊறிய தண்ணீரில் கடைசிக் குவளையைச் சுவருக்கு ஊற்றுவது அண்ணிக்குக் காலை வேலைகளில் ஒன்றாகிப்போனது. வருஷங்கள் ஓடின. தக்காளி பூத்தது, காய்த்துத் தள்ளியது. சுவர் மட்டும் விரல் வைத்தால் பிசைந்த மாவாகக் குழிந்தது. கொத்தனார் வெட்கத்தில் மாடிப் பக்கம் தலைகாட்டுவதையே விட்டுவிட்டார்.

நாத்தனாருக்கோ துணிகள் வந்து குவிந்தன. மெஷினும் வெட்டும் மேசையும் போக மிச்சமிருந்த இடத்தில் முழங்காலை மடக்கிப் படுத்துப் படுத்து அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. வெளியூரில் ஒரு துணி ஆலையில் வேலையும் விடுதியில் கட்டிலும் தருவதாகச் சொன்னதும் சரியென்றுவிட்டாள். "கால நீட்டிப் படுக்கணும் அண்ணி, வேற ஒண்ணுமில்ல" என்றாள். அண்ணிக்கு உலகமே வெறுத்துப்போனது. முதன்முறையாகத் தன் செடிகளின் மேலேயே ஆத்திரம் வந்து, ஒரு தக்காளி வாளியைத் தூக்கிச் சந்தில் எறியப் போனாள். நாத்தனார் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "காய் பிடிச்ச செடி அண்ணி. அது என்ன பண்ணுச்சு?"

கிளம்பும் நாளன்று பைகள் வாசலுக்கு வந்துவிட்டன. வெட்டும் மேசையை இறக்க மூவரும் மாடிக்குப் போனார்கள். எப்போதும் சரித்து, உருட்டி, நாலு வசவும் வைதால்தான் நகரும் மேசை, அன்று ஒரே இழுப்பில் வழுக்கிக்கொண்டு வந்தது. பின்னால் இடம் கிடந்தது. கொத்தனார் டேப்பை எடுத்து அளந்தார், மறுபடி அளந்தார், தலையைச் சொறிந்தார். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். வளர்ந்த சுவர் இம்மியும் சாயாமல் நேராக வளர்ந்திருந்தது. வெகுநாள் கழித்து அவர் நெஞ்சு நிமிர்ந்தது. நாத்தனார் தரையில் படுத்துக் காலை நீட்டினாள். பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே நீட்டினாள். எந்தச் சுவரும் இடிக்கவில்லை. படுத்தபடியே சொன்னாள், "அண்ணே, கீழ இருக்கிற பையெல்லாம் மேல எடுத்துட்டு வா." அண்ணி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாகத் தரையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அதன்பின் அறை அவசரப்படாமல் வளர்ந்துவருகிறது. நகராட்சிப் பொறியாளர் ஒருமுறை வந்து, சந்தின் மேல் கட்ட யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று கேட்டார். "கட்டலைங்க, வளந்துருச்சு" என்றார் கொத்தனார். பொறியாளர் சுவரைத் தொட்டுப் பார்த்தார், அதிலிருந்து கிளம்பிச் சமையலறைப் பக்கம் மண்ணுக்குள் இறங்கியிருந்த வேர்களையும் பார்த்தார். மின்கம்பியைத் தொடாமல் வருஷா வருஷம் கவாத்துப் பண்ணிவிடுங்கள் என்று சொல்லி, ஒரு பை தக்காளியோடு போனார்.

போன வாரம் கிழக்குச் சுவரில் புதிதாக ஒன்று துளிர்த்திருக்கிறது. கிளிக்கூண்டு அளவில் சின்ன அறை. அதற்குக் கதவுகூட இருக்கிறது, விரல் நுனியால் திறக்கலாம். நாத்தனார் குனிந்து உள்ளே பார்த்தாள்.

"இது யாருக்கு அண்ணி?"

"யாராச்சும் வருவாங்க" என்று சொல்லி, அண்ணி அதற்கும் ஒரு குவளை ஊற்றினாள்.