மாசாக்கின் கடல்நாய் துப்பிய தண்ணீர்

இப்போதெல்லாம் கடல்நாயைக் கொன்றதும் அதன் வாயில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் போனை நோண்டப் போய்விடுகிறார்கள். உப்புத் தண்ணீரிலேயே கிடந்து தாகத்தோடு வருகிற உயிர் அது. ஒரு வாய் நல்ல தண்ணீருக்காகத்தான் நம் கையில் சாகிறது. சொன்னால் கிழவன் புலம்புகிறான் என்பார்கள். பள்ளிக்கூடக் கூரை காற்றில் பறந்த வருஷம், செத்து அரைமணி நேரமான கடல்நாய் ஒன்று, வாயில் ஊற்றிய தண்ணீரைத் துப்பிவிட்டுக் கடலுக்குத் திரும்பிப் போனது.

கொன்றவன் மாசாக், என் தங்கை நிகுவானாவின் புருஷன். எங்கள் அலாஸ்காக் கரையில் கறுப்பு முனை என்று ஓர் இடம் உண்டு. அங்கே தரைக்கடியிலிருந்து எண்ணெய் தானாக ஊறிக் கடலில் இறங்கும். அந்தப் பக்கத்து மீனை வேக வைத்தால் வீடே தார் நாறும். அதில் இறங்குகிற வாத்து இறகு ஒட்டிக்கொண்டு எழும்பாது. அங்கே பனிக்கட்டியில் கடல்நாய் மூச்சுவிட வரும் துளையில் காத்திருந்து, மாசாக் அதன் கழுத்தில் ஈட்டியை இறக்கி, இழுத்து மேலே போட்டான். நானும் கூட இருந்தேன்.

"இது வாயில ஊத்தக் கொண்டாந்த பழைய ஐஸ் தண்ணி எங்க மாப்ளே?"

"டீ போட்டுக் குடிச்சிட்டேன் மச்சான். இங்கயே கொஞ்சம் பனியை உருக்கி ஊத்துனா போச்சு. செத்தது ருசியா பாக்கப்போகுது?"

பார்த்தது. அவன் உருக்கிய தண்ணீரில் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் மிதந்தது. கடல்நாய் அதை அவன் பூட்ஸில் துப்பியது, அவனை ஒரு தரம் பார்த்தது, கழுத்தில் ஓட்டையோடு வழுக்கிப்போய்த் துளையில் இறங்கிவிட்டது.

அன்று முதல் அந்த வீட்டில் எந்தத் தண்ணீரை மொண்டாலும் மேலே வானவில் படலம். டீயில், சூப்பில், பிள்ளையைக் குளிப்பாட்டும் தொட்டியில். பக்கத்துத் துளைகளில் மற்றவர்களுக்குக் கடல்நாய் வந்தது. மாசாக் காத்திருந்த துளையில் மட்டும் கறுப்பாக ஒரு குமிழி வந்து உடையும். ஒன்பது வருஷம் ஊரார் கொடுத்த பங்கில்தான் நான்கு பிள்ளைகளும் வளர்ந்தார்கள். வாங்கி வாங்கி நிகுவானாவுக்கு முதுகு வளைந்துவிட்டது. நடுவில் சின்னச் சின்னக் குப்பிகளோடு ஓர் ஆராய்ச்சிக்காரி வந்தாள். "இது உங்க முப்பாட்டன் காலத்துக்கு முன்னாடியே ஊறுற எண்ணெய். கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க இதைத் தின்னுடும். இங்கயே பழகிப்போன சிப்பிகூட இருக்கு," என்றாள்.

"அதுல நாலு கிருமிய எங்க வீட்டு டீக்கு அனுப்புங்கம்மா," என்றான் மாசாக். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு வசந்தத்திலும் அவன் இரண்டு நாள் நடந்துபோய், உப்பு வடிந்த பழைய நீல ஐஸைச் சுமந்து வந்து, உருக்கி, அதே துளையில் ஊற்றினான். ஒன்பதாவது வருஷம் கடல்நாய் மேலே வந்தது. கழுத்தில் அதே ஓட்டை. அவன் கையிலிருந்த பானைத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தது, பனியில் ஏறிப் படுத்தது, பாக்கி வைத்திருந்த சாவைச் செத்து முடித்தது. ஊரில் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. கறி பங்குபோட நிறைய வேலை இருந்தது.

முதல் பங்கை நிகுவானா தன் கையால் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். பிறகு எனக்கு டீ ஊற்றினாள்.

"படலம் இல்லண்ணே, பாரு. அது மன்னிச்சிருச்சு."

"வெளிச்சத்துல காட்டு."

காட்டினாள். டீ தெளிவாகத்தான் இருந்தது. குடித்தேன். எனக்குக் கொடுத்த விலாக்கறியை மோந்து பார்த்தேன். லேசாகத் தார் வாடை.

"மன்னிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அதுக்குத் தாகம்," என்று சொல்லிவிட்டு, கறியை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.