கடலின் வாயை அடைத்த பிளேயர்

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல் துளிச் சத்தமும் இல்லாமல் அலையடித்துக்கொண்டிருந்தபோது, ஜாக்குலின், தான் வேலை பார்க்கும் கடற்கரை விடுதியின் மேலாளர் கோதண்டராமனின் அறைக்குள் போய், கேட்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்ததைக் கேட்டாள். "என் ஒரிஜினல் சர்டிபிகேட்டக் குடுங்க சார்."

செய்யூர்ப் பக்கம் சவுக்கு மரம் வெட்டும் பூபாலனின் மகள் அவள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். வரவேற்பு மேசை வேலைக்குச் சேர்ந்த அன்றே விடுதி அவளுடைய பி.காம். பட்டத்தை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியது. ஆள் ஓடிவிடக் கூடாதாம். மூன்று வருடம் படித்து வாங்கியதைக் கட்டுத்தறியாக்கிவிட்டார்கள் என்று அவள் கத்தியபோது பூபாலன் போனில் கெஞ்சினார். "இன்னா வேணா கேளு பாப்பா, அத்த மட்டும் கேக்காத. வேல பூடும்." இரண்டு வருடம் அவள் கேட்கவில்லை. இப்போது வெள்ளிக்கிழமை செங்கல்பட்டில் அரசு வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாதவர்கள் வர வேண்டாம் என்று கடிதத்திலேயே போட்டிருந்தது.

கடல் வாயடைத்துப்போனதற்குக் காரணம் அவள் வாங்கிய பழைய சிடி பிளேயர். போனில் பாட்டுக் கேட்டால் நடுவில் விளம்பரம் வரும்; விளம்பரம் வராவிட்டால் கோதண்டராமன் லைனில் வருவார், எந்தச் சாவி எந்த அறைக்கு என்று கேட்டுக்கொண்டு. யாரும் கூப்பிட முடியாத பெட்டி ஒன்று வேண்டும் என்றுதான் அவள் தணிகைவேலின் கடைக்குப் போனாள். விடுதிகள் கழித்துக்கட்டும் மெத்தை, மின்விசிறி, குளியலறைக் குழாய் எல்லாம் அங்கே வரும். பிளேயர் கறுப்பு நிறம், ஜப்பான் தயாரிப்பு, அவளைவிட இரண்டு வயது மூத்தது.

"பாடுமா அண்ணாத்த?"

"பாடினா நான் ஏம்மா எட்நூறுக்குத் தர்றேன்?"

எழுநூறுக்கு வாங்கினாள். சிடி வைக்கும் தட்டை வெளியே தள்ளும் பெல்ட் தொய்ந்திருந்தது. பிரியாணி பார்சலில் வந்த ரப்பர் பேண்டை மாட்டினாள். லென்ஸைப் பஞ்சால் துடைத்தாள். கல்லூரித் தோழி பதிந்து கொடுத்திருந்த சிடிக்களைப் போட்டால் ஒவ்வொன்றையும் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுத் சிடியே இல்லை என்று காட்டியது. திருப்பிக் கொண்டுபோனபோது தணிகைவேல் சிரித்தார். "பழைய மிஷின்மா. டூப்ளிகேட்ட மோந்து பாத்துட்டுத் துப்பிடும்." ஒரு அட்டைப்பெட்டியைக் கிளறி, உறையில்லாத ஒரிஜினல் ஒன்றை இருபது ரூபாய்க்குக் கொடுத்தார். எவனோ வெளிநாட்டுக்காரன் விடுதி அறையில் விட்டுப்போனது.

திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு அது பாடியது. வயலின் மாதிரி, ஆனால் தொண்டை கட்டிய குரலில் ஏதோ ஒரு வாத்தியம். வில் இழுபடுவது கேட்டது, வாசிக்கிறவர் மூச்சுவிடுவது கேட்டது, அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி முனகுவதுகூடக் கேட்டது. அவளால் உட்கார முடியவில்லை. கரையோரம் வாடகைக்கு எடுத்திருந்த பத்துக்குப் பத்து அறையில் நாலு எட்டு அந்தப் பக்கம், நாலு எட்டு இந்தப் பக்கம் நடந்தபடியே கேட்டாள். ஐம்பத்தெட்டு நிமிடமும் யாரும் கூப்பிடவில்லை. அந்த ஐம்பத்தெட்டு நிமிடமும் கடல் சத்தம் போடவில்லை. அலை வந்தது, உடைந்தது, நுரை மணலில் ஏறியது, அவ்வளவுதான். பாட்டு முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து இரைய ஆரம்பித்தது.

காது அடைத்துவிட்டது என்று பதினான்கு பேர் மருந்துக்கடைக்குப் போனார்கள். வீட்டுக்காரம்மா சம்பூர்ணம் மீன் கூடையோடு வாசலில் நின்று, "இன்னாடி பொட்டி இது? கடலு வாயையே கட்டிப்புட்ச்சு" என்றாள். அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. நாற்பது வருடத்தில் அன்றைக்குத்தான் புருஷன் பேசியது முழுசாகக் கேட்டதாம், ஒன்றும் உருப்படியாக இல்லையாம். மற்றவர்களுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு இருமல், எதிர்வீட்டுச் சண்டை, நெம்மேலி கடல்நீர் ஆலையில் ஓடும் மோட்டார் எல்லாம் காதுக்குள் வந்தன. ஆட்கள் கரையில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தார்கள். மீன் விலை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

செவ்வாய்க்கிழமை செங்கல்பட்டுக் கடிதம் வந்தது. அன்று அவள் அந்தப் பாட்டை மூன்று முறை கேட்டாள். புதன் காலை, பாட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பாடும்படி பொத்தானை அழுத்திவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள்.

விடுதியில் அலைச் சத்தம் கேட்கும் அறைக்கு வாடகை அதிகம். கோதண்டராமன் செவ்வாய்க்கிழமையே இணையத்தில் எங்கிருந்தோ அலைச் சத்தத்தை இறக்கி, பூந்தொட்டிகளுக்குள் ஸ்பீக்கர் வைத்து ஓடவிட்டிருந்தார். நாலு நிமிடத்துக்கு ஒருமுறை அந்த அலைக்குள் ஒரு நாய் குரைத்தது. புதன்கிழமை காலை ஒரு சென்னைக் குடும்பம் மேசைக்கு வந்து, இது ஒரிஜினல் கடல்தானா என்று கேட்டது. ஆமாம் என்று சொல்லத்தான் ஜாக்குலினுக்கு உத்தரவு. அவள் டூப்ளிகேட் என்றாள். அதற்காகத்தான் கோதண்டராமன் அவளைக் கூப்பிட்டிருந்தார். அவர் வாயைத் திறக்கும் முன்னால் அவள் கேட்டுவிட்டாள்.

"சீசன் முடியட்டும்மா" என்றார் அவர். "அவசரம்னா கலர் ஜெராக்ஸ் போட்டு, சீல் வச்சுத் தர்றேன். பாத்தா வித்தியாசமே தெரியாது."

"அதுலயும் நாய் கொலைக்கும் சார்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே இன்னும் இரண்டு குடும்பங்கள் மேசையருகே கூடியிருந்தன. "இப்போ நீ அங்க போய் ஒரிஜினல்னு சொல்லணும். அதுக்கு என்ன வேணும் உனக்கு?"

"கையில ஒரிஜினல் இல்லாம வாயில மட்டும் எப்டி சார் வரும்?"

கோதண்டராமன் பீரோவைத் திறந்தார். உள்ளே நாற்பத்தொரு பேருடைய சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறைகளில் அடுக்கியிருந்தன. அவளுடையதை உருவி மேசைமேல் போட்டார். அவள் பெயரைப் படித்தாள், பதிவெண்ணைப் படித்தாள், முத்திரையை விரலால் தடவினாள். பைக்குள் வைத்தாள்.

அந்தக் கடல் அதற்கப்புறம் மாலை ஆறிலிருந்து ஏழு வரை, பிளேயர் ஓடினாலும் ஓடாவிட்டாலும், சத்தம் போடுவதில்லை. அதற்குப் பழகிவிட்டது. ஆட்களுக்கும்தான். மறு வருடம் அந்த விடுதி சத்தமில்லாத கடல் என்று பலகை வைத்து, அதற்கும் வாடகையை ஏற்றியது.

அந்தப் புதன்கிழமை அவள் மேசைப்பக்கம் போகவில்லை. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பூந்தொட்டியில் போட்டுவிட்டு மணலில் இறங்கினாள். கோதண்டராமன் வாசலுக்கு ஓடிவந்து கூப்பிட்டார். முதலில் அதட்டி, பிறகு சம்பளம் ஏற்றித் தருவதாகச் சொல்லி, பிறகு வெறும் பெயரை மட்டும் சொல்லி. கடல் வாய் மூடியிருந்ததால் ஒவ்வொரு வார்த்தையும், அவர் மூச்சுவாங்கியதும், அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. கேட்டுக்கொண்டே நடந்தாள்.