முக்கால் மணி வெளியே, கால் மணி உள்ளே

“அண்ணி, இது சுற்றுலாவா, ஷிப்டா?”

சாப்பாட்டு மேஜையில் விரித்திருந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டு, சிட்டு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான்கு நாடுகள். அவற்றைக் கோத்துக்கொண்டு ஓடும் ரயில் பாதை. ஒவ்வொரு ஊரிலும் பென்சிலால் போட்ட சின்னச் சின்ன வட்டங்கள்.

“வட்டமெல்லாம் ஹீட்டர் இருக்கிற இடம்,” என்றாள் ஐஸக்கா. “ரயில் நிலையம், தேவாலயம், நூலகம், பெரிய கடை. முக்கால் மணி நேரம் வெளிய நடக்கிறோம். கால் மணி நேரம் உள்ள போய் உடம்பைச் சூடு பண்ணிக்கிறோம். மறுபடியும் முக்கால் மணி.”

“மீறினா?”

“விரல் போயிடும்.”

“அப்போ ஐரோப்பாவுல இருக்கிறவங்கெல்லாம் விரல் இல்லாமலா திரியறாங்க?”

“அவங்க பழகினவங்க. நீ பல் டாக்டர்கிட்ட ஏ.சி. ரூம்ல நிக்கிறவ. உனக்குக் குளிரைப் பத்தி என்ன தெரியும்?”

ஐஸக்காவுக்குத் தெரியும். உறைந்த பட்டாணியும் இறாலும் ஐஸ்கிரீமும் கூரை வரை அடுக்கியிருக்கும் குளிர்பதனக் கிடங்கில் கண்காணிப்பாளர் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற இடமெல்லாம் ஐஸக்காதான். கிடங்கின் சட்டம் அவள் ரத்தத்தில் ஊறிப்போன ஒன்று. முக்கால் மணி உள்ளே, கால் மணி வெளியே. யாரும் தனியாக உள்ளே போகக் கூடாது, ஜோடியாகத்தான் போக வேண்டும். அந்தச் சட்டத்தை அப்படியே திருப்பிப் போட்டு ஐரோப்பாவுக்குக் குளிர்காலத் திட்டம் தீட்டியிருந்தாள். முதுகில் ஒரு பை, பத்து நாள், இரண்டே பேர்.

ஐஸக்காவின் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி வரைபடத்தை ஆராய்ந்தார்.

“ரூட்டு சரியில்லை. ஒரு நாளைக்கு ஒரு ஊர்னா ஸ்டாப்பிங்ல நிக்கவே நேரம் இருக்காது.”

“உங்களை யாரு கூப்பிட்டா? நாங்க ரெண்டு பேரும் போறோம். நீங்க வீட்டைப் பாத்துக்குங்க.”

“பத்து நாளும் வீட்ல சத்தமே இருக்காதுன்னு சொல்லு. எனக்கும் சேர்த்து அது சுற்றுலாதான்.”

“அண்ணே, ரொம்பச் சந்தோஷப்படாதே,” என்றாள் சிட்டு. “தினமும் வீடியோ கால் போட்டுத் திட்டுவோம்.”

சிட்டு அவருடைய தங்கை. ஐம்பது வயதுக்காரியை இன்னும் எல்லோரும் சிட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருப்பவர்கள் பார்ப்பதற்காகக் கூரையில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். பனி விழுந்துகொண்டிருக்கும் ஒரு தெரு, கையில் குடையில்லாமல் அண்ணாந்து நிற்கும் ஒரு பெண். அந்தப் படத்தைப் பல வருஷமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே விளக்கைத் துடைத்தவள் சிட்டு. “ஒரு தடவை அது என் மூஞ்சியில விழணும்,” என்று எப்போதோ ஒரு முறை சொன்னாள். சொன்னதை அவளே மறந்திருப்பாள். ஐஸக்கா மறக்கவில்லை.

மறக்க முடியாததற்குக் காரணம் போன வருஷம்.

போன வருஷம் ஐஸக்காவுக்கு இடது மார்பில் புற்றுநோய் அறுவைச் சிகிச்சை நடந்தது. அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். சிட்டு சம்பளமில்லாத விடுப்புப் போட்டுவிட்டு ஒரு துணிமூட்டையோடு வந்து இறங்கினாள். வா என்று யாரும் சொல்லவில்லை. எப்போது போவாய் என்று யாரும் கேட்கவுமில்லை. காயத்திலிருந்து வடியும் குழாயை இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்ளத் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தாள். குளிக்க வைக்கும்போது குளியலறைக் கண்ணாடியின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவாள், அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல். பல வாரம் கழித்து, “துண்டை எடு, பாக்கறேன்,” என்று ஐஸக்காவே சொன்னபோது எடுத்தாள். ஐஸக்கா பார்த்துக்கொண்டே நின்றாள்.

“பாத்தீங்களா?” என்றாள் சிட்டு. “மூஞ்சி மட்டும் அப்படியேதான் இருக்கு. அதை மாத்தச் சொல்லி டாக்டர்கிட்ட நானும் எவ்வளவோ கெஞ்சினேன்.”

அழப்போனவள் சிரித்துவிட்டாள். தையல் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்கு என்ன கைம்மாறு செய்வது? வீட்டு மனிதர்களிடம் போய் நன்றி என்று சொன்னால் வெளி ஆளிடம் பேசுவது மாதிரி இருக்கும். அதனால்தான் இந்தப் பயணம். இந்த ஒரு தடவை சிட்டு எதையும் தூக்கக் கூடாது, எதையும் கவனிக்கக் கூடாது, குழந்தை மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டு வர வேண்டும். இது ஐஸக்கா மனதுக்குள் போட்டிருந்த திட்டம். மேஜையில் விரிக்காத திட்டம்.

அந்தத் திட்டத்துக்குக் குறுக்கே, அறுவைக்குப் பிறகு கைக்குப் பயிற்சி கொடுத்துவந்த பிசியோதெரபிஸ்ட் பெண் நின்றாள். “தாராளமா போயிட்டு வாங்க. ஆனா நெறிக்கட்டி எடுத்த பக்கம், இடது தோள்ல பாரம் ஏத்தக் கூடாது. இடுப்புப் பட்டை இருக்கிற பை, அதுவும் லேசா. கை வீங்க ஆரம்பிச்சா உடனே இறக்கி வெச்சிடணும்,” என்று சொல்லியிருந்தாள். வீட்டுக்கு வந்து ஐஸக்கா அதில் முதல் பாதியை மட்டும் சொன்னாள்: “தாராளமா போயிட்டு வரச் சொன்னாங்க.”

முழுதும் சொன்னால் சிட்டு என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியாதா? பயணமே வேண்டாம் என்பாள். இல்லாவிட்டால் இரண்டு பையையும் தானே தூக்குவாள். இரண்டாவது, முதலாவதைவிட மோசம்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. கிடங்கில் அன்று சரக்கு ஏற்றும் வேலை இல்லை. மேலாளரிடம் அனுமதி வாங்கி, சிட்டுவுக்கும் ஒரு குளிர்கால உடுப்பு மாட்டிவிட்டாள். பைகளை ஐஸக்காவே முந்தின நாள் உட்கார்ந்து அடுக்கியிருந்தாள். ஆளுக்கொன்று.

“அண்ணி, இந்தப் பை என்ன இவ்வளவு லேசா இருக்கு?”

“நல்ல துணி.”

“துணி நல்லதுன்னா உள்ள இருக்கிற சாமானும் லேசாயிடுமா?”

“பேசாம நட. உள்ள வாயைத் திறந்து பேசினா பல் கூசும். உன் தொழில்தானே, தெரியாதா?”

பிளாஸ்டிக் பட்டைத் திரையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவு பின்னால் பொத்தென்று மூடியது. அட்டைப்பெட்டிகளின் மேல் வெண்பனிப் பூச்சு. மூச்சு புகையாக முன்னால் போயிற்று.

“அய்யய்யோ, மூக்குக்குள்ள முடியெல்லாம் குச்சி மாதிரி நிக்குது!” என்று கூவினாள் சிட்டு. குரலில் பயமே இல்லை. திருவிழாக் கூட்டத்தில் ராட்டினம் ஏறியவள் மாதிரி இருந்தாள். பட்டாணிச் சந்தில் போய், இறால் சந்தில் திரும்பி, ஐஸ்கிரீம் சந்து வழியாக வந்தார்கள். ஒரு சுற்று. இரண்டு சுற்று.

மூன்றாவது சுற்றில் ஐஸக்காவின் இடது விரல்கள் மரத்தன. குளிரில் மரப்பது வேறு; அது அவளுக்கு அத்துப்படி. இது உள்ளிருந்து கனத்தது, கைக்குள் யாரோ ஈர மணலை ரொப்பிய மாதிரி. தோள்பட்டை வார் எலும்பில் இறங்கிக் கடித்தது. இன்னும் ஒரு சுற்று, பழகிவிடும் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே நடந்தாள்.

“அண்ணி, வெளிய வாங்க.”

“இன்னும் நேரம் இருக்கு.”

“உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்கு நேரம் இல்லை. வாங்க.”

சூடான ஓய்வறையில் சிட்டு தன் கையுறைகளைக் கழற்றி வீசினாள். ஐஸக்காவின் வலது உறை கழன்றது. இடது உறை வரவில்லை. சிட்டு விரல் விரலாக மெல்ல உருவினாள். உள்ளே புறங்கை மினுமினுவென்று உப்பியிருந்தது.

சிட்டு அந்தக் கையைத் தூக்கி நாற்காலியின் முதுகில் உயர வைத்தாள். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“இது எத்தனை நாளா?”

“இன்னிக்குத்தான். குளிர்ல…”

“நாள் முழுக்க அடுத்தவங்க வாயைத் திறக்க வைக்கிறதுதான் என் பொழைப்பு. உங்க வாயைத் திறக்க வைக்க முடியாதா? பிசியோ என்ன சொன்னாங்க? முழுசா.”

சொன்னாள். முழுசாக.

“அப்புறம் எதுக்கு இந்தப் பாறாங்கல்லைத் தூக்கினீங்க?” என்று கேட்டுக்கொண்டே சிட்டு பையைத் திறந்தாள். ஒரு கம்பளிச் சட்டை வந்தது. சிட்டுவுடையது. கால் நழுவாத கனத்த பூட்ஸ், சிட்டுவின் அளவு. சிட்டுவின் முட்டிவலித் தைலம், முழங்கால் பட்டை. வெந்நீர்ப் பை. சிட்டுவுக்குப் பிடித்த, வீட்டுத் தலையணை உறை. அடியில், சரக்குப் பலகையில் அடுக்குகிற வழக்கப்படி கனமானதெல்லாம் கீழே என்று, ஒரு சிறிய மின்கெட்டில். ஐஸக்காவின் சொந்தச் சாமான் என்று ஒரு ஓரத்தில் இரண்டு உள்ளாடையும் பல் துலக்கியும் இருந்தன.

“என் பை ஏன் லேசா இருக்குன்னு இப்பத் தெரியுது.”

ஐஸக்கா சுவரைப் பார்த்தாள். “நீ மட்டும் போயிட்டு வா சிட்டு. நிஜமாத்தான் சொல்றேன். அந்தப் பனி உன் மூஞ்சியில விழணும், அவ்வளவுதான் எனக்கு. நான் வந்தா உனக்கு மறுபடியும் வேலைதான். கையைப் புடி, காலைப் புடின்னு.”

“ஓஹோ.”

“ஒரு தடவையாவது நான் உனக்குச் செய்யணும்னு நினைச்சேன். அது கூட…”

“கைம்மாறு செய்யறீங்களாக்கும்!” சிட்டுவின் குரல் உயர்ந்தது. “அதை முதுகுல தூக்கிட்டு வேற வரணுமா? நான் என்ன உங்களுக்கு வட்டிக்காரியா? அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. என் அம்மா போனதுக்கப்புறம், ஒரு நாள் லீவுன்னா எங்க போறதுன்னு தெரியாம நிக்கிற ஆளு நான். எந்நேரம் வந்தாலும் ஏன் வந்தேன்னு கேக்காம தட்டு வெக்கிறது உங்க வீடு ஒண்ணுதான். அதுக்கு நான் ஏதாவது தூக்கினேனா? கூச்சமே இல்லாம சாப்பிட்டுட்டுத்தானே இருந்தேன்?”

“ரெண்டு வேளைச் சோறும் நீ செஞ்சதும் ஒண்ணா?”

“எனக்கு ஒண்ணுதான். நீங்க வேணும்னா கணக்குப் பாருங்க, எனக்குக் கணக்கு வராது.”

சிட்டு மூக்கை உறிஞ்சினாள். மூக்கு முடியில் உறைந்தது உருகியதாக இருக்கலாம்.

கை வீக்கம் வடிய இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு பேரும் சேர்ந்தே பிசியோதெரபிஸ்டிடம் போனார்கள். சிட்டு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் திரும்பச் சொல்ல வைத்தாள். கைக்கு ஒரு இறுக்க உறை கொடுத்தாள் அந்தப் பெண். போகலாம், ஆனால் பகல் நேரத்துக்கு வேண்டியது மட்டும் முதுகில் இருக்கலாம் என்றாள்.

“அப்போ தினமும் ஊர் மாறினா பெரிய பையைத் தினமும் தூக்கணும்,” என்றாள் ஐஸக்கா வீட்டுக்கு வந்து. “நாலு நாடு நடக்காது.”

வீட்டுக்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். “நான் அப்பவே சொன்னேன், ரூட்டு சரியில்லைன்னு. ஏன் ஊர் ஊரா டிப்போவை மாத்தறீங்க? டிப்போ ஒண்ணு போதும். காலையில வண்டியை எடு, ராத்திரி அங்கேயே கொண்டாந்து விடு.”

அண்ணியும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அண்ணனுக்கு மூளை இருக்குன்னு இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே அண்ணி?”

“எனக்கே இப்பத்தான் தெரியுது.”

தேடினார்கள். சுவிட்சர்லாந்தின் ஓரத்தில் பாசெல் என்று ஓர் ஊர் சிட்டுவின் விரலில் மாட்டியது. பிரான்சும் ஜெர்மனியும் அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றன. டிராமில் ஏறினால் அடுத்த நாடு. ரயிலில் ஏறினால் பனி மலை. பெரிய பைகளை அறையில் போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகலாம்.

“நாலுக்கு மூணு,” என்றாள் ஐஸக்கா. “ஒண்ணு குறையுதே.”

“குறையட்டும். டிராம்ல வேற நாட்டுக்குப் போயி காப்பி குடிச்சிட்டு வந்தேன்னு எங்க ஆஸ்பத்திரியில நான் சொன்னா, டாக்டரே வாயைப் பொளந்துடுவாரு.”

அன்று சாயங்காலமே இரண்டு பேர் பெயரிலும் டிக்கெட் போட்டார்கள். கெட்டில் சமையலறைக்குத் திரும்பியது. தலையணை உறையை மட்டும் ஐஸக்கா விடவில்லை. அதற்கு எடை ஏது என்று வாதாடினாள். சிட்டுவும் அதை விட்டுக்கொடுத்தாள். வட்டங்களில் பாதியை அழித்தாள் சிட்டு. பாதியை விட்டுவைத்தாள், விரல் முக்கியம் என்று.

புறப்படுவதற்கு முந்தின நாள், பகல் நேரத்துக்கான சின்னப் பையை மாட்டிப் பார்த்தார்கள். ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு சால்வை, மாத்திரை டப்பா. ஐஸக்கா கண்ணாடி முன்னால் நின்றாள். பை முதுகில் இருப்பதே தெரியவில்லை.

“சிட்டு, அங்க போயி பனி விழலேன்னா?”

“விழலேன்னா அடுத்த வருஷம் போவோம்.” சிட்டு குனிந்து பையின் இடுப்புப் பட்டைக் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தாள். “போன வருஷம் இந்த மாசம், ‘அடுத்த வருஷம்’னு ஒரு வார்த்தை நம்ம வீட்ல யாராவது பேசினோமா?”

ஐஸக்கா யோசித்தாள். அந்த வார்த்தையின் பக்கத்தில்கூட யாரும் போகாமல், ஆளாளுக்குச் சுற்றிக்கொண்டு நடந்த வீடு நினைவுக்கு வந்தது.

“பேசலை.”

“இப்பப் பேசறோம்ல? எனக்கு அது போதும். மூச்சை இழுங்க, பட்டையைப் போடணும்.”

“நானே போட்டுக்குவேன், விடு,” என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. இரண்டு கையையும் கொஞ்சம் தூக்கிக்கொண்டு நின்றாள். சிட்டு பட்டையை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து கொக்கியை மாட்டி இழுத்தாள்.

“இறுக்கமா இருக்கா அண்ணி?”

“சரியா இருக்கு,” என்றாள் ஐஸக்கா. “ரொம்பச் சரியா இருக்குடி.”