ஓடாமல் நின்ற மான்கள்

பனிக்காலம் வாசல்வரை வந்துவிட்டதை அக்காவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டியில் பனி ஏடு கட்டியிருந்தது. வேலிக்கம்பி வெள்ளை மீசை வைத்திருந்தது. மலைமுயலின் காது வெளுக்கத் தொடங்கியிருந்தது. வானிலை நிலையத்தில் வெப்பமானியைப் பார்த்துப் பதிந்த கையோடு மேட்டுக்கு ஏறுவாள். உச்சியில் புல் கருகியதும் மான்கள் இறங்குவது அங்கேதான். மந்தை எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதுவதற்கும் சேர்த்துத்தான் அவளுக்குச் சம்பளம். சம்பளம் நின்றாலும் அவள் போவதை நிறுத்தமாட்டாள் என்பது வேறு கதை.

மான் மிரளாமல் இருக்க ஒரே உருவம், ஒரே வாசம் வேண்டும். அதனால் வருஷக்கணக்காக ஒரே கம்பளிக் கோட்டுதான். சோப்பு என்ற ஒன்றை அது கண்டதே இல்லை.

“அக்கா, அந்தக் கோட்ட ஆணில மாட்டி வச்சா, உன் மானுங்க ஆணிக்கிட்டயே வந்து நிக்கும்” என்பான் தம்பி. அவளும் சிரிப்பாள். தாயில்லாத பிள்ளையை வளர்த்தவள். அவன் எதைச் சொன்னாலும் அவளுக்குச் சிரிப்புதான்.

அந்த வாரம் தம்பியின் மாமனார் வந்திறங்கினார். துப்பாக்கி இருந்தது, உரிமம் இருந்தது, மான்தான் கண்ணில் படவில்லை. அதற்கும் மருமகன்தான் பொறுப்பு.

“ஒரு மானக் காட்டத் துப்பில்ல. நீயெல்லாம் மலையில பொறந்து என்ன பிரயோஜனம்?”

தம்பி சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான். அக்கா அதில் இன்னொரு கரண்டி சோறு வைப்பாள்.

அவளுக்குக் காய்ச்சல் கண்ட அன்று காலையில் தம்பி தானாகவே எழுந்து வந்தான். “நீ படுக்கா. அளவ நான் பாத்துட்டு வரேன். குளிருல பல்லு கிட்டுது, கோட்டக் குடு.”

கொடுத்தாள். தம்பி என்றைக்கு இவ்வளவு பொறுப்பானான் என்று நெஞ்சு குளிர, பொத்தானையும் அவளே போட்டுவிட்டாள்.

சற்று நேரத்தில் மேட்டிலிருந்து வெடிச்சத்தம் வந்தது. போர்வையோடு ஓடினாள். பெண்மான் ஒன்று பக்கவாட்டில் கிடந்தது. மாமனாரின் கை தம்பியின் தோளில் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கை அங்கே விழுந்ததில்லை.

“ஓடவே இல்லக்கா!” தம்பியின் முகமெல்லாம் பல். “என்னப் பாத்துட்டு கிட்டத்துல வந்துச்சு. மாமா நிதானமா சுட்டாரு.”

“உன்னப் பாத்து வரலடா” என்றாள். “என்னப் பாத்து வந்துச்சு.”

அவன் பல் மறைந்தது. மாமனார் குறுக்கே புகுந்தார். “ஒரு மானுக்கு இந்தப் பாடா? ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்கேன், இன்னும் ரெண்டு அடிக்கலாம். ஏன் மாப்ள?”

மாப்பிள்ளை தலையாட்டினான். அந்தத் தலையாட்டல்தான் அவளைக் கொன்றது. கூடவே இருந்து குழி பறித்தவன், அதை மூடக்கூட நினைக்கவில்லை.

மறுநாள் இருவரும் எழுவதற்குள், உடம்பு அனலாகக் கொதிக்க, கோட்டைப் போட்டுக்கொண்டு மேடேறினாள். வழியில் மடி நிறையக் கல் பொறுக்கிக்கொண்டாள். மந்தை தள்ளியே நின்றது. தாயை இழந்த குட்டி மட்டும் கோட்டைக் கண்டதும் நேராக அவளிடம் நடந்து வந்தது.

“போ!” என்று கத்திக் கல்லை வீசினாள். அது காலடியில் விழுந்தது. குட்டி அதை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் நடந்து வந்தது.

அழுதுகொண்டே அடுத்த கல்லை எடுத்தாள். இந்தத் தடவை குறி பார்த்து எறிந்தாள்.